நாலு டிகிரி அண்ணனும் பால்கேன் ஏசியும்

பாலக்காட்டுக் கணவாய்க்குள் அடிக்கிற வெயிலைத் தன் சொந்தப் பகையாளியாக நினைத்து, அதனுடன் நேருக்கு நேர் சண்டைக்குப் போன மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். மீனாட்சிபுரத்தில் எங்கள் வீட்டுக்கு நாலாவது வீட்டில் இருக்கிறார். பெற்றோர் வைத்த பெயர் ரேஷன் கார்டில் இருக்கக்கூடும். ஊருக்கு அவர் நாலு டிகிரி அண்ணன்.

பால் சொசைட்டியில் குளிரூட்டும் தொட்டிக்கு அவர்தான் பொறுப்பு. மாட்டு மடியிலிருந்து வெதுவெதுவென்று வரும் பாலை நாலு டிகிரிக்கு இறக்கி, டேங்கர் லாரி வரும்வரை அந்த நாலிலேயே பிடித்து வைக்க வேண்டும். மற்றவர்கள் வேலையை ஆபீஸிலேயே விட்டுவிட்டு வருவார்கள். அண்ணன் தெர்மாமீட்டரைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு வருவார். கல்யாணப் பந்தியில் பாயசத்துக்குள் அதை விட்டுப் பார்த்து, "எழுவத்தஞ்சுங்கொ, ஊதிக் குடிங்கொ" என்று பக்கத்து இலைக்காரரை எச்சரிப்பார். எனக்குக் காய்ச்சல் வந்தபோது பார்க்க வந்தவர், டாக்டர் சொன்னதை நம்பாமல் தானும் ஒருமுறை பார்த்தார்.

"முப்பத்தொம்பது. நீ மட்டும் பாலா இருந்திருந்தா இந்நேரத்துக்குத் திருப்பி அனுப்பியிருப்பேன் அம்மணி."

அவரிடம் ஒரு அம்பாசடர் உண்டு. என்னைவிட வயதில் மூத்தது. பாலாடை நிறம். மெக்கானிக்கல் படித்துவிட்டு, வீட்டிலிருந்தபடியே யாரோ ஒரு தூரதேசத்துக் கம்பெனிக்குப் பம்பு படம் வரைகிறவள் நான். பழைய காரைப் பார்த்தால் எனக்குக் கை சும்மா இருக்காது. பானெட்டைத் திறந்து ஒரே ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன் என்று கேட்டுப் போனவள், அப்புறம் மீட்டிங் இல்லாத நேரமெல்லாம் அங்கேதான் கிடந்தேன். மீட்டிங் இருக்கிற நேரத்திலும் சில நாள்.

அண்ணனின் மனைவி ராணியக்கா தேவிகுளத்துக்காரர். தேயிலை எஸ்டேட் லயத்து வரிசை வீட்டில் பிறந்து ஸ்வெட்டருக்குள் வளர்ந்தவர். கல்யாணமாகி மீனாட்சிபுரத்தில் வந்து இறங்கிய முதல் மாசியிலேயே, "இது ஊரா, இல்ல அடுப்புல வச்ச சட்டியா?" என்று கேட்டாராம். அன்றிலிருந்து ஒவ்வொரு வருடமும் மாசியில் தேவிகுளத்தில் இருக்கும் தம்பி வீட்டுக்கு ஏறுவார், மழை பிடித்ததும் இறங்குவார். எங்கள் தெருவில் மாங்காய்க்கு ஒரு சீசன், பலாவுக்கு ஒரு சீசன், ராணியக்காவுக்கு ஒரு சீசன்.

போன சித்திரையில் அந்த ஒழுங்குக்கு ஆபத்து வந்தது. தம்பி சுற்றுலாக்காரர்களுக்கு ரூம் விட ஆரம்பித்திருந்தான். சமையலுக்கு ஆள் வேண்டும். ராணியக்கா போனில் அண்ணனிடம் சொன்னது, ஸ்பீக்கர் போட்டிருந்ததால், வாசலில் ஸ்பேனருடன் நின்ற எனக்கும் கேட்டது.

"ஏறவும் எறங்கவுமா எத்தன வருசந்தான் அலைய? மழைக்கும் வரலை நான். அங்க வந்து நான் வேகுறதுக்கு, இங்கன நாலு பேருக்கு இட்லி வேகவச்சுட்டுப் போறேன்."

அண்ணன் போனை வைத்தார். சட்டைப்பையிலிருந்த தெர்மாமீட்டரை எடுத்துக் காற்றில் பிடித்துப் பார்த்தார். முப்பத்தெட்டு. பிறகு என்னைப் பார்த்தார்.

"அம்மணி, காருக்கு ஏசி வெக்கோணும்."

"ஏனுங்ணா, அக்காவுக்குச் சூடா இருக்கறது ஊடு. காருக்கு எதுக்குங் ஏசி?"

"ஊட்டுக்குத்தான் போன மாசமே மாட்டிப்போட்டனே! அதைய அவ வந்து பாத்தாத்தானே? வழிதான் பிரஷ்னம். உடுமலையில எறங்குனா அங்கிருந்து ஊடு வரைக்கும் வெந்து போயர்றேன்கறா. பால் மாதிரித்தான் இதுவும். மாட்டுல இருந்து டேங்கர் வரைக்கும் எங்கீமே சூடு ஏறப்படாது. நடுவுல ஒரு எடத்துல ஏறுச்சு, முடிஞ்சுது சோலி."

இருபது வருடத் தாம்பத்தியத்தை இவ்வளவு சுருக்கமாக யாரும் எனக்கு விளக்கியதில்லை. மலைமேல் குளிர் இருக்கிறது. வீட்டுக்குள் குளிர் இருக்கிறது. நடுவில் ஒரு அம்பாசடர் தூரம்தான் பாக்கி.

பொள்ளாச்சி மெக்கானிக் காரைச் சுற்றி வந்து, நிஜ ஏசி மாட்டலாம், ஆனால் டேஷ்போர்டை வெட்ட வேண்டும் என்றார். அண்ணனும் நானும் ஒரே குரலில் அலறியதில் அவர் கையிலிருந்த டீ சிந்தியது. சொந்தத் தயாரிப்பு என்று அன்றே முடிவாயிற்று.

ஐஸ் தொட்டிக்கு நாற்பது லிட்டர் அலுமினியப் பால்கேன். அதைச் சுற்றி உமி நிரப்பிய சாக்கு, சாக்கைச் சுற்றி ஜமுக்காளம். பம்புக்குத் தென்னைக்கு மருந்தடிக்கும் பேட்டரி ஸ்பிரேயரின் மோட்டார். கார் பேட்டரியிலேயே ஓடும் என்பதால் அது என் யோசனை, அதில் எனக்கு ரொம்பப் பெருமை. உக்கடம் பழைய இரும்புக் கடையில் நான் தோண்டி எடுத்த குட்டி ரேடியேட்டர் ஒன்று. அதன் முதுகில் இரண்டு ஃபேன். கேனிலிருந்து ஐஸ் தண்ணீர் ரேடியேட்டருக்குள் ஓடும், ஃபேன் அதன் வழியாகக் காற்றை ஊதும், சூடேறிய தண்ணீர் திரும்பக் கேனுக்கே போகும். கேனுக்குப் பின்சீட்டில் ஜன்னலோர இடம். கன்றுக்குட்டிக் கயிற்றால் அதைச் சீட்டோடு சேர்த்துக் கட்டினோம்.

"சீசன் முடிஞ்சா வெந்நி ஊத்திக் கழுவி மறுக்காப் பாலுக்கே எடுத்துக்கலாம்" என்று அண்ணன் கேனைத் தட்டிக் கொடுத்தார். அவர் வீட்டில் பால்கேன்கள் சாமிக்குச் சமானம். பால் எந்த வாசத்தையும் இழுத்துக்கொள்ளும் என்று அந்த வீட்டில் கருவாடு, மீன் எதுவும் வாசலைத் தாண்டாது. கல்யாணமான நாளிலிருந்து அதுதான் சட்டம். மலைக்காட்டில் மத்திக் குழம்பு ஊற்றிச் சோறு தின்று வளர்ந்த ராணியக்காவுக்கும் அதே சட்டம்.

சோதனை ஓட்டத்துக்கு ஆள் வேண்டாம் என்றார் அண்ணன். "மனுசன் மொகத்துக்காகச் சில்லுங்குதும்பான். பால் பொய் சொல்லாது." அப்படியாகக் கறந்த பால் ஒரு சொம்பு முன்சீட்டில் உட்கார, உச்சி வெயிலில் கொல்லங்கோடு போய்த் திரும்பினோம். பால் திரிந்தது. இரண்டாம் முறை திரியவில்லை, ஆனால் வேப்பெண்ணெய் நாறியது. ஸ்பிரேயர் அதற்கு முந்தின வாரம் வரை மருந்தடித்துக்கொண்டிருந்திருக்கிறது. என் பெருமை சற்றே குறைந்தது. புது மோட்டார் வாங்கினோம். மூன்றாம் முறை ஒரு வளைவில் குழாய் பிடுங்கிக்கொண்டு, ஜன்னல் வழியாக, டீக்கடை பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவரைக் குளிப்பாட்டியது. அவர் கோபித்துக்கொள்ளாமல், "இன்னொருக்கா வருவீங்களா?" என்று கேட்டார். அவ்வளவு வெயில். நான்காம் முறை பால் பாலாகவே வீடு வந்து சேர்ந்தது. அண்ணன் அதைக் குடித்துவிட்டு, பால் திரியவில்லை, ஏசி பாஸ் என்று ராணியக்காவுக்குப் போன் போட்டு அளந்துவிட்டு, "நாளைக்கே போலாம்" என்றார்.

"அண்ணா, இந்த வெயிலுக்கு ஒரு கேன் ஐஸ் ஒரு மணி நேரந்தாங் தாங்கும். கணக்குப் போட்டுட்டேன்."

"அதுக்குத்தான் வேகமாப் போகோணும்கறது."

விடியலில் கிளம்பினோம். அன்று ஒருநாள் மட்டும் சொசைட்டிச் செக்ரட்டரி தொட்டியைப் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. பொள்ளாச்சி தாண்டவில்லை, அண்ணன் போன் போட்டார். "எத்தனை?" "நாலு." "செரி." உடுமலையில் மறுபடி. "எத்தனை?" "நாலுதாங்ணா." "செரி." சின்னாறு காட்டுக்குள் டவர் இல்லாமல் போனபோது, குழந்தையைத் திருவிழாவில் தொலைத்தவர் மாதிரி தவித்தார்.

நாங்கள் செய்த முட்டாள்தனத்தை இப்போது சொல்லியாக வேண்டும். ஐஸை இறங்கும் பயணத்துக்கு மிச்சம் வைத்திருக்க வேண்டும். ஆனால் புது ஏசி. கை சும்மா இருக்குமா? ஏறும்போதே போட்டுக்கொண்டோம். சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு மகாராஜா மாதிரி போனோம். மறையூர் ஏற்றத்தில் என்ஜின் கொதித்துப் புகைந்தது. நிறுத்தி, ஆறவிட்டு, கேனில் மிச்சமிருந்த தண்ணீரில் பாதியை என்ஜினுக்கு ஊற்றினோம். மனைவிக்கென்று கொண்டுபோன குளிர்ச்சியை வண்டி குடித்துவிட்டது.

தேவிகுளத்தில் ராணியக்கா ஸ்வெட்டரும் கரண்டியுமாக வெளியே வந்தார். காரைப் பார்த்தார். ஜமுக்காளம் போர்த்திய கேனைப் பார்த்தார்.

"இது யாரு, உங்க சித்தப்பாவா?"

"ஏசி, ராணி! ஏறிப் பாரு. உக்காரு, உக்காரு." அண்ணன் கதவைச் சாத்தி, ஃபேனைப் போட்டு, தெர்மாமீட்டரை நீட்டினார். "பாத்தியா? பத்தொம்பது!"

"சரி. வெளிய எம்புட்டு?"

அண்ணன் கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டினார். பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"பதினேழு."

குளிர்பெட்டியைக் குளிர்பிரதேசத்துக்குக் கொண்டுபோய் விளம்பரம் செய்த ஒரே கோஷ்டி நாங்களாகத்தான் இருப்போம். தம்பி வீட்டில் தங்கியிருந்த சுற்றுலாக்காரர்கள் எல்லாம் வாசலுக்கு வந்து சிரித்தார்கள். ராணியக்கா சிரிக்கவில்லை. உமி ஒட்டிய அண்ணனின் கைகளை ஒருமுறை பார்த்துவிட்டு உள்ளே போனவர், ஒரு சின்னப் பையுடன் வந்தார்.

"உடுமலை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வாரேன். அங்கன வச்சு எனக்கு வேத்துச்சுன்னு வைங்க, அப்படியே மூணாறு பஸ்ஸுல ஏறிருவேன். அதுக்கப்புறம் யாரும் என்னைய வான்னு கூப்பிடப்படாது. சம்மதமா?"

"சம்மதம்" என்றார் அண்ணன். கேனில் ஒரு துண்டு ஐஸ்கூட இல்லை என்பது அவருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

குளிர்ந்த ஊரில் ஐஸ் எவன் விற்பான்? வழியில் மூணாறில் காரை நிறுத்தி, கடைத்தெருவில் பெட்டிக்கடை, ஜூஸ் கடை எல்லாம் கேட்டு ஓடினேன். ஏலக்காய் இருக்கிறது, சாக்லேட் இருக்கிறது, ஐஸ் இல்லை. கடைசியில் மீன் கடையில் மலை மாதிரிக் குவிந்து கிடந்தது. கடைக்காரர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஐஸ் மாத்ரமா? ஐஸைக் கொடுத்துட்டா மீன் எங்க போயிப் படுக்கும்? ரெண்டு கிலோ மத்தி எடு, ஐஸ் தாரேன்."

நான் அண்ணனைப் பார்த்தேன். அண்ணன் கேனைப் பார்த்தார். மீன் ஐஸ். பால்கேனுக்குள். எங்கள் ஊரில் வெங்காயம் நறுக்கிய கையோடு பால் அளக்க வந்த ஒரு அம்மாவை, கை கழுவிவிட்டு வரச்சொல்லித் திருப்பி அனுப்பிய மனிதர் இவர். பின்சீட்டிலிருந்து ராணியக்கா வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணன் கேனின் மூடியைத் திறந்தார். முகத்தை வேறுபக்கம் திருப்பிக்கொண்டார்.

"போடுங்கொ."

"மத்தியை என்னங்ணா பண்றது?" என்று கேட்டேன்.

"அதா, அந்த நாய்க்கி..."

"காசு குடுத்து வாங்குனத நாய்க்கா?" என்றார் ராணியக்கா. "கவர்ல கட்டி அந்த ஐஸ் மேலயே வைங்க."

மத்தியும் ஏறியது. அடுத்த நிமிடம் குளிர் காற்று வந்தது. கூடவே கொச்சித் துறைமுகமும் வந்தது.

இறங்கும் வழி முழுக்க ஒருவரும் நிம்மதியாக உட்காரவில்லை. நான் குழாயின் இரண்டு முனைகளையும் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன். அண்ணன் ஒரு வளைவுக்கு ஒருமுறை தெர்மாமீட்டரைப் பார்த்தார். மறையூரில் இருபத்துமூன்று. காட்டுக்குள் இருபத்தாறு. ராணியக்கா ஜன்னலோரமாகச் சாய்ந்து, ஒரு நீதிபதியின் முகத்துடன் வந்தார். சின்னாறு செக்போஸ்ட்டில் காவலர் குனிந்து எட்டிப் பார்த்தார். ஜமுக்காளத்தை விலக்கினார். பால்கேன். மோந்து பார்த்தார். மீன்.

"இது பாலோ, மீனோ?"

"ஏசியாணு சாரே" என்றார் அண்ணன் பணிவாக.

காவலர் தொப்பியைக் கழற்றினார். பிறகு தன் முகத்தை ஃபேனுக்கு நேரே கொண்டுவந்து வைத்தார். அங்கேயே நின்றார். பின்னால் நின்ற ஜீப் ஹாரன் அடித்த பிறகுதான் எங்களைப் போகவிட்டார்.

காடு முடிந்து சமவெளி தொடங்கியதும் வெயில் எங்களுக்காகவே காத்திருந்தது போல இறங்கியது. கேனுக்குள் கலகலவென்று கேட்டுக்கொண்டிருந்த ஐஸ் சத்தம் மெல்லக் குறைந்தது. பிறகு வெறும் தண்ணீர்ச் சத்தம். அண்ணன் ஆக்சிலேட்டரை மிதித்தார். அம்பாசடர் தன் வழக்கப்படி அதைக் கேட்டுக்கொண்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. ராணியக்கா ஸ்வெட்டரைக் கழற்றினார். அடுத்து முந்தானையால் கழுத்தைத் துடைத்தார். கண்ணாடி வழியாக அதைப் பார்த்த அண்ணனின் காது சிவந்தது.

உடுமலை பஸ் ஸ்டாண்ட். மூணாறு பஸ் கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டு நின்றது. கண்டக்டர் ஊர்ப்பெயரைச் சொல்லிக் கூவிக்கொண்டிருந்தார். அண்ணன் காரை நிறுத்தினார்.

"எம்புட்டு?" என்றார் ராணியக்கா.

அண்ணன் தெர்மாமீட்டரை எடுத்தார். நான் முன்சீட்டிலிருந்து கண்ணால் கெஞ்சினேன். இருபத்தெட்டு என்று சொல்லுங்கள் அண்ணா. முப்பது என்றாவது சொல்லுங்கள். எழுத்து அவ்வளவு பொடி, யார் வந்து பார்க்கப் போகிறார்கள்? சட்டைப்பையில் போன் அடித்தது. செக்ரட்டரிதான். அண்ணன் போனை எடுக்கவில்லை. பாலைப் பற்றி வந்த அழைப்பை அவர் எடுக்காமல் விட்டதை அன்றுதான் பார்த்தேன்.

"முப்பத்தஞ்சு, ராணி" என்றார். "பஸ்ஸு நிக்குது. பையை நானே கொண்டாந்து தர்றேன்."

ராணியக்கா கதவைத் திறந்தார். ஒரு காலை வெளியே வைத்தார். அங்கிருந்தபடியே திரும்பி, கேனின் மூடியைத் தூக்கி, உள்ளே கைவிட்டு மத்திக் கவரை எடுத்தார். ஒரு மீனை விரலால் அழுத்தினார். செவுளைத் தூக்கிப் பார்த்தார். மோந்தார்.

"பால் திரியலைன்னா ஏசி பாஸுன்னு போன்ல என்னமோ அளந்தியளே?"

"ஆமா, சொன்னேன்."

"மீன் கெடலை. கல்லு மாதிரி கெடக்கு." கவரை மறுபடி உள்ளே வைத்து மூடினார். "வண்டிய எடுங்க."

அண்ணனுக்குப் புரியவில்லை. எனக்கும்தான். "ஊட்டுக்கா?" என்றார்.

"வீட்டுக்குத்தான். போனதும் இந்த மத்தியை உங்க வீட்டு அடுப்புலதான் வைப்பேன். வாசல்ல இல்ல, கொல்லையில இல்ல, அடுப்புல. சம்மதம்னா எடுங்க. இல்லைன்னா அந்தா பஸ்ஸு கெடக்கு."

கண்டக்டர் விசில் அடித்தார். பால் வாசம், மீன் வாசம், இருபது வருடச் சட்டம் எல்லாம் அண்ணனின் நெற்றியில் வரிசையாக ஓடியதை நான் பார்த்தேன்.

"கொளம்பா, வறுவலா?" என்றார்.

"மொதல்ல ஐஸ் வாங்குங்க."

பஸ் ஸ்டாண்ட் ஜூஸ் கடையில் ஒரு சாக்கு ஐஸ் கிடைத்தது. நான் ஆசையாக ஃபேன் சுவிட்சில் கை வைத்தேன். ராணியக்கா என் கையைத் தட்டிவிட்டார்.

"எட்டி, அத அமத்து! நமக்கு ஊதிட்டுக் கெடந்தா மீனு என்னத்துக்கு ஆகும்?"

அக்காவுக்காக நாங்கள் உருகி உருகிச் செய்த ஏசியை அக்காவே அணைத்தார். நாலு ஜன்னலையும் இறக்கிவிட்டு, முகத்தில் அனல் அடிக்க, பொள்ளாச்சி வழியாக வீடு வந்து சேர்ந்தோம். வழியில் ஒரு வார்த்தை வெயிலைப் பற்றி அவர் பேசவில்லை. புளி இருக்கிறதா, மண்சட்டி இருக்கிறதா என்பதுதான் பேச்சு. அன்று மாலை, வரலாற்றில் முதன்முறையாக, நாலு டிகிரி அண்ணன் வீட்டிலிருந்து மீன் குழம்பு வாசம் தெருவுக்கு வந்தது. அண்ணன் தெர்மாமீட்டரைக் குழம்புக்குள் விட்டுப் பார்க்கப் போனார். "அது பாலுக்குள்ள போறதுல்லா?" என்று ஒரு அதட்டல். அண்ணன் அதைத் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டார்.

ராணியக்கா இந்த மாசியில் மலை ஏறினார். ஆனால் மழைக்குக் காத்திருக்கவில்லை, பங்குனி முடிவதற்குள் தானே பஸ் பிடித்து இறங்கிவிட்டார். தம்பிக்கு இட்லி வேகவைக்க வேறு ஆள் கிடைத்துவிட்டதாம். வீட்டு ஏசியை வந்து பார்த்துவிட்டு, "சத்தம் ஜாஸ்தி" என்றார். அந்தக் கேன் பாலுக்குத் திரும்பவே இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அம்பாசடரின் பின்சீட்டில் ஜன்னலோரமாக உட்கார்ந்து, ராணியக்காவுக்குத் துணையாகப் பொள்ளாச்சி மீன் மார்க்கெட்டுக்குப் போய் வருகிறது.

அண்ணன் இன்னும் விடவில்லை. மீனும் கெடக்கூடாது, மனுசியும் வேகக்கூடாது என்று இரண்டாவது கேனுக்கு இடம் அளந்துகொண்டிருக்கிறார். பம்பு மோட்டாரின் கடகட சத்தம் தெருவில் கேட்டால் நான் மீட்டிங்கில் மைக்கை அணைத்துவிட்டு வாசலுக்கு ஓடுகிறேன். "எத்தனைங்ணா?" என்று கத்துகிறேன். அவர் காரை மெதுவாக்கி, தெர்மாமீட்டரை வெளிச்சத்தில் பிடித்து, உண்மையை மட்டுமே சொல்கிறார்: "முப்பத்திரண்டு, அம்மணி. ஆனாக் கொறையும்."

அந்த மனிதருக்காக ஒரே ஒரு நாள் அந்தத் தெர்மாமீட்டர் பொய் சொன்னால்தான் என்ன?